உங்கள் கார் உண்மையில் எவ்வளவு மைலேஜ் தருகிறது? எக்ஸெல் சொல்லும் பதில்

கார் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கேள்வி வரும். "உங்க வண்டி எவ்வளவு குடுக்குது?" ஒருவர் 18 என்பார். அடுத்தவர் அதே கம்பெனியின் அதே மாடல் 22 தருகிறது என்பார். மூன்றாமவர் தன்னுடையது 13-ஐத் தாண்டவில்லை என்று வருத்தப்படுவார். மூவருமே பொய் சொல்லவில்லை. மூவரும் மூன்று விதமாக அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் கார் பிரியர்கள் ஆறு பேர் இருக்கிறோம். இந்த விவாதத்தை வாயால் பேசித் தீர்க்க முடியாது என்று முடிவு செய்து, ஆறு பேரும் ஆறு மாதங்கள் ஒரே மாதிரியான எக்ஸெல் பைலில் கணக்கு எழுதினோம். அந்தப் பைலை எப்படித் தயாரிப்பது, அதில் வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதை இங்கு காணலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் பழகவும் இது நல்ல பயிற்சி. இரு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

எக்ஸெல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமும், கூகுள் ஷீட்ஸ் வசதியும் இதே வேலையைச் செய்யும். மெனுக்கள் இருக்கும் இடம் சற்று மாறலாம். கணக்கு மாறாது.

முதலில் அளக்கும் முறை

கம்ப்யூட்டருக்குப் போகும் முன் பெட்ரோல் பங்கில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டேங்கை நிரப்புங்கள். பம்ப்பின் பிஸ்டல் தானாக 'டக்' என்று நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ரவுண்டு தொகை வர வேண்டும் என்று சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்லாதீர்கள். அப்போது ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை மீண்டும் பிஸ்டல் நிற்கும் வரை நிரப்புங்கள். இப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதுதான் இடையில் ஓடிய தூரத்துக்குச் செலவான பெட்ரோல். இதைத்தான் 'டேங்க் டு டேங்க்' முறை என்கிறோம்.

முடிந்தால் ஒரே பங்க், ஒரே பம்ப், சமதளமான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் விளக்கு எரிந்ததிலிருந்து மறுபடி எரியும் வரை கணக்கிடுவதும், 500 ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்ப்பதும் நம்பகமானவை அல்ல. மேடு பள்ளத்தில் டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்தாலே ரிசர்வ் விளக்கு முன்பின்னாக எரியும்.

பைலைத் தயாரிப்போம்

1. எக்ஸெலைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றைத் தொடங்குங்கள். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ நெட்டு வரிசையில் தேதி, பி-யில் ஓடோமீட்டர், சி-யில் லிட்டர், டி-யில் ரூபாய், இ-யில் ஓடிய தூரம், எப்-இல் மைலேஜ், ஜி-யில் குறிப்பு.

2. இரண்டாவது படுக்கை வரிசையில் முதல் முறை டேங்க் நிரப்பிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் மட்டும் டைப் செய்யுங்கள். லிட்டர் வேண்டாம். அந்தப் பெட்ரோல் அதற்கு முன்னால் ஓடிய தூரத்தின் கணக்கைச் சேர்ந்தது. நம் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. மூன்றாவது வரிசையில் அடுத்த முறை நிரப்பிய விவரங்களை டைப் செய்யுங்கள். இப்போது தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் நான்கும் வேண்டும்.

4. இனி பார்முலா. இ3 செல்லில் கிளிக் செய்து சமக்குறியை (=) டைப் செய்யுங்கள். பின் பி3 செல்லில் மவுஸால் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறியை (-) டைப் செய்யுங்கள். பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஓடிய தூரம் வந்துவிடும். செல்களின் பெயரை நீங்கள் டைப் செய்ய வேண்டியதே இல்லை.

5. எப்3 செல்லில் சமக்குறி டைப் செய்து, இ3-இல் கிளிக் செய்து, வகுத்தல் குறி (/) டைப் செய்து, சி3-இல் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இது அந்த டேங்கின் மைலேஜ்.

6. அடுத்த முறை நிரப்பியதும் நான்காவது வரிசையில் விவரங்களைத் தந்துவிட்டு, இ3, எப்3 இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பகுதியின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். கர்சரை அங்கே கொண்டு சென்றால் கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அதைப் பிடித்து ஒரு வரிசை கீழே இழுத்து விடுங்கள். பார்முலா தானாகவே புதிய வரிசைக்கு ஏற்ப மாறிக்கொள்ளும்.

எதிர்காலத்துக்கும் சேர்த்து நூறு வரிசைகள் இழுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓடோமீட்டர் எண் இல்லாத வரிசையில் எக்ஸெல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, ஓடிய தூரத்தை மைனஸ் எண்ணாகக் காட்டும். மைலேஜ் செல்லில், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதற்கான பிழைச் செய்தி வரும். மொத்தக் கூட்டலும் கெட்டுவிடும்.

என் பைலில் இருந்து மூன்று வரிசைகளைத் தருகிறேன். நீங்கள் டைப் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம். தொடக்க ஓடோமீட்டர் 18240. அடுத்து 18612-இல் 24.8 லிட்டர். அடுத்து 19152-இல் 27 லிட்டர். அதற்கடுத்து 19452-இல் 25 லிட்டர். மைலேஜ் செல்களில் முறையே 15, 20, 12 என்று வர வேண்டும். முதலாவது வழக்கமான அலுவலக ஓட்டம். இரண்டாவது திருச்சி போய் வந்தது. மூன்றாவது மழை வாரம். ஏசியும் நெரிசலுமாக ஓடியது. ஒரே கார், ஒரே டிரைவர். ஆனால் 12-உம் வருகிறது, 20-உம் வருகிறது. இதில் பிடித்த எண்ணை மட்டும் எடுத்துச் சொன்னால் எந்தக் காரையும் நல்ல காராகவோ மோசமான காராகவோ காட்டிவிடலாம்.

புதியவர்கள் கவனிக்க

லிட்டர் செல்லில் "24.8 லிட்டர்" என்று டைப் செய்யாதீர்கள். எண்ணுடன் சொல் சேர்ந்தால் எக்ஸெல் அதை எண்ணாகக் கருதாது. கூட்டலில் அதை விட்டுவிடும். 24.8 என்று மட்டும் டைப் செய்யுங்கள். லிட்டர் என்பதுதான் தலைப்பிலேயே இருக்கிறதே.

தேதியிலும் கவனம் தேவை. 5/1 என்று டைப் செய்தால், உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறைக்கு செட் செய்யப்பட்டிருந்தால் அதை மே 1 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது ஜனவரி 5. செட்டிங்ஸில் உள்ள ரீஜன் பிரிவில் இந்திய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

செல்லில் எண்ணுக்குப் பதில் ##### என்று வந்தால் பயப்பட வேண்டாம். இடம் போதவில்லை என்று பொருள். மேலே நெட்டு வரிசைகளின் பெயர்களுக்கு இடையே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்தால் அகலம் சரியாகிவிடும்.

இடையில் ஊர்ப்புறத்தில் டேங்க் நிரப்பாமல் 5 லிட்டர் மட்டும் போட்டால் என்ன செய்வது? தனி வரிசை வேண்டாம். அடுத்த முறை டேங்க் நிரப்பும்போது 20 லிட்டர் பிடித்தால், லிட்டர் செல்லில் =5+20 என்று டைப் செய்யுங்கள். செல்லில் 25 தெரியும். அதில் கிளிக் செய்து மேலே பார்முலா பாரைப் பார்த்தால், எப்படி வந்த 25 என்பதும் தெரியும்.

சராசரியில் ஒரு பொறி

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எப் நெட்டு வரிசையில் உள்ள மைலேஜ்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, "சராசரி இவ்வளவு" என்பார்கள். எக்ஸெலிலும் ஆவரேஜ் என்ற வசதி கையருகில் இருக்கிறது. ஆனால் மைலேஜுக்கு அது சரியான விடை தராது.

எளிய உதாரணம் பாருங்கள். நகரத்துக்குள் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், லிட்டருக்கு 10. நெடுஞ்சாலையில் இன்னொரு 120 கிலோமீட்டர், லிட்டருக்கு 20. சராசரி 15 என்றுதான் மனம் சொல்லும். பெட்ரோலைக் கணக்கிடுங்கள். முதலில் 12 லிட்டர், பிறகு 6 லிட்டர், மொத்தம் 18. ஓடியது 240 கிலோமீட்டர். 240-ஐ 18-ஆல் வகுத்தால் 13.3 தான். மோசமான மைலேஜ் தந்த பகுதியில்தான் அதிகப் பெட்ரோல் செலவாகிறது. ஆகவே அந்தப் பகுதிக்குக் கணக்கில் கனம் அதிகம். வெறும் ஆவரேஜ் இதைக் கண்டுகொள்வதில்லை.

சரியான முறை, மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பது. ஐ நெட்டு வரிசையை இதற்கு ஒதுக்குங்கள். ஐ2 செல்லில் கிளிக் செய்து, ஹோம் டேபில் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். பின் மேலே இ என்ற நெட்டு வரிசையின் பெயரிலேயே கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். மொத்த தூரம் வரும். ஐ3-இல் இதேபோல் சி நெட்டு வரிசையைக் கூட்டுங்கள். ஐ4-இல் சமக்குறி, ஐ2-இல் கிளிக், வகுத்தல் குறி, ஐ3-இல் கிளிக், என்டர். இதுதான் உங்கள் காரின் உண்மையான மைலேஜ். மேலே தந்த மூன்று டேங்குகளுக்கு 1212 கிலோமீட்டர், 76.8 லிட்டர், மைலேஜ் 15.78 என்று வரும். முழு நெட்டு வரிசையையும் கூட்டச் சொல்லியிருப்பதால், இனி நீங்கள் சேர்க்கும் வரிசைகளும் தானாகக் கணக்கில் வந்துவிடும்.

எத்தனை டேங்க் போதும்?

ஒரு டேங்கை வைத்து முடிவு சொல்லலாமா? பிஸ்டல் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஒரு லிட்டர் முன்பின்னாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 375 கிலோமீட்டர் ஓடி 25 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15. அது 24 லிட்டர் என்றால் 15.6. 26 என்றால் 14.4. காரில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. "ஆடிடிவ் ஊற்றினேன், ஒரு கிலோமீட்டர் ஏறிவிட்டது" என்பவரிடம், எத்தனை டேங்க் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

மொத்தக் கணக்கில் இந்தப் பிரச்சினை தானாகக் கரைந்துவிடும். இன்று ஒரு லிட்டர் குறைவாக நிரப்பினால் அடுத்த முறை ஒரு லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். இடையில் நேரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் உள்ள பிழை மட்டுமே மிஞ்சும். பத்து டேங்கில் 250 லிட்டர் என்றால், அதில் ஒரு லிட்டர் என்பது நூற்றுக்கு அரை கூட இல்லை. எனவே பத்து டேங்காவது எழுதிவிட்டுப் பேசுவது நல்லது.

சில கார்களின் டேஷ்போர்டே மைலேஜ் காட்டும். அதையும் ஒரு நெட்டு வரிசையில் எழுதி வாருங்கள். அது உங்கள் கணக்கைவிட எப்போதும் ஒரே அளவு கூடவோ குறைவாகவோ காட்டினால், அந்த அளவைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளலாம். பெரிய டயர் மாற்றியவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. புதிய டயரின் சுற்றளவு 3 சதவீதம் அதிகம் என்றால், 103 கிலோமீட்டர் ஓடியதை அது 100 என்று காட்டும். மைலேஜ் குறைந்ததுபோல் தெரியும்.

ஒரே மாடல், இரண்டு எண்கள்

எங்கள் ஆறு பேரில் இருவரிடம் ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே இன்ஜின். ஒருவர் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு வருபவர். இன்னொருவர் நாவலூரிலிருந்து வருபவர். ஆறு மாத முடிவில் முதலாமவரின் கணக்கு 7,160 கிலோமீட்டர், 400 லிட்டர், மைலேஜ் 17.9. இரண்டாமவருடையது 2,016 கிலோமீட்டர், 160 லிட்டர், மைலேஜ் 12.6. இவ்வளவு வித்தியாசமா? தன் வண்டியில் ஏதோ கோளாறு என்று இரண்டாமவர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். அதற்கு ஆகும் செலவு சில ஆயிரங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். நான்கு வாரங்களுக்கு இருவரும் கார்களை மாற்றிக்கொண்டார்கள். கோளாறு என்று சந்தேகப்பட்ட கார், தாம்பரத்துக்காரர் கையில் 1,131 கிலோமீட்டர் ஓடி 65 லிட்டர் குடித்தது. மைலேஜ் 17.4. நல்ல கார் என்று பெயர் வாங்கியது, நாவலூரில் 12.9-க்கு இறங்கிவிட்டது. எண் காரோடு போகவில்லை, பாதையோடும் ஓட்டுபவரோடும் போய்விட்டது. இன்ஜினைப் பிரிக்கும் யோசனை அத்துடன் கைவிடப்பட்டது.

காரணம் எளிது. குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும். ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம். இன்ஜின் முழுச் சூட்டை அடையும் முன்பே நாவலூர்க்காரரின் பயணம் முடிந்துவிடுகிறது. குறைந்த தூரத்துக்குள் சிக்னலில் நிற்கும் நேரமும் ஏசி ஓடும் நேரமும் விகிதத்தில் அதிகம். நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்யம்தானே! ஆகவே ஜி நெட்டு வரிசையில் நகரம், நெடுஞ்சாலை, மழை, ஏசி, காற்றழுத்தம் சரிபார்த்த நாள் என்று குறிப்பு எழுதத் தவறாதீர்கள். ஒப்பிட வேண்டியது உங்கள் பாதையைப் போன்ற பாதையில் ஓடும் காரைத்தான்.

கம்பெனி சொல்லும் எண்

விளம்பரத்தில் வரும் மைலேஜ், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளந்தது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ நிறுவனம் போன்றவை இந்தச் சோதனையைச் செய்கின்றன. இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வரும் சோதனை முறையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏசி போடுவதில்லை. நம் சாலையில் அந்த எண் வராததற்கு இதுவே முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்து ஏசி, அதிக வேகம், குளிர் ஆகியவற்றையும் சேர்த்து மைலேஜைக் கணக்கிடும் முறை வந்தது. கம்பெனி எண் பயனற்றது என்று சொல்லவில்லை. ஒரே சோதனையில் இரு கார்களை ஒப்பிட அது உதவும். உங்கள் மாதச் செலவைச் சொல்ல உதவாது.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "40 மைல் பெர் கேலன்" என்றால் எந்த ஊர் கேலன் என்று பாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எனவே அமெரிக்காவின் 40 என்பது லிட்டருக்கு 17 கிலோமீட்டர். பிரிட்டனின் 40 என்பது 14.2 தான்.

நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

ஐரோப்பாவில் பல நாடுகளில் மைலேஜைத் திருப்பிப் போட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். இதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் 10 தந்த பழைய வேனை விட்டு 12 தரும் வேன் வாங்குகிறார். இன்னொருவர் 20 தந்த காரை விட்டு 25 தரும் கார் வாங்குகிறார். யாருக்கு அதிக மிச்சம்? 25 வாங்கியவருக்கு என்றுதான் தோன்றும். 1000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். முதலாமவர் 100 லிட்டரிலிருந்து 83.3-க்கு வருகிறார். மிச்சம் 16.7 லிட்டர். இரண்டாமவர் 50-இலிருந்து 40-க்கு வருகிறார். மிச்சம் 10 லிட்டர்தான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். உங்கள் பைலில் ஐ5 செல்லில் சமக்குறி, ஐ3-இல் கிளிக், வகுத்தல் குறி, ஐ2-இல் கிளிக், பின் *100 என்று டைப் செய்து என்டர் தட்டினால் இந்த எண் வந்துவிடும். என் உதாரணத்தில் 6.34 வரும்.

எரிபொருள் மாறினால்

பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் மைலேஜுடன் இன்றைய மைலேஜை ஒப்பிடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில் லிட்டருக்கான சக்தி, கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சுமார் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. 10 சதவீதக் கலப்புடன் ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம். காரில் தெரியும் மாற்றம் இன்ஜினின் அமைப்பைப் பொறுத்து மாறும்.

டீசலில் லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கும் மேல் அதிகம். சிஎன்ஜி லிட்டரில் விற்பதில்லை, கிலோவில் விற்கிறது. கிலோவுக்கு 21 என்பதையும் லிட்டருக்கு 14 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பெரிய எண் என்று பார்ப்பதில் பொருளில்லை. இங்கே ஒப்பிட வேண்டியது ரூபாயைத்தான்.

கணக்கு காப்பாற்றிய டெபாசிட்

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வு பெற்றவர். கார் வாங்க முடிவு செய்தபோது, "சிஎன்ஜி மாடல் எடுங்க சார், பெட்ரோல் செலவே இல்ல" என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு 95,000 ரூபாய் கூடுதல். வங்கி டெபாசிட்டில் ஒன்றை உடைக்கத் தயாராகிவிட்டார். அதே சமயம் கோவையில் கால் டாக்சி ஓட்டும் என் அத்தை மகனும் அதே கேள்வியோடு போன் செய்தார். இருவருக்கும் ஒரே ஷீட்டைத்தான் அனுப்பினேன். நீங்களும் தயாரிக்கலாம்.

புதிய ஷீட்டில் ஏ நெட்டு வரிசையில், இரண்டாவது வரிசையிலிருந்து மாத ஓட்டம், மைலேஜ், எரிபொருள் விலை, மாதச் செலவு, கூடுதல் விலை, எத்தனை மாதம் என்று டைப் செய்யுங்கள். பி நெட்டு வரிசை பெட்ரோலுக்கு, சி நெட்டு வரிசை சிஎன்ஜிக்கு. பி5-இல் சமக்குறி, பி2-இல் கிளிக், வகுத்தல் குறி, பி3-இல் கிளிக், பெருக்கல் குறி (*), பி4-இல் கிளிக், என்டர். இந்த செல்லை வலப்பக்கம் இழுத்தால் சி5-உம் தயார். பி6-இல் 95000 என்று டைப் செய்யுங்கள். பி7-இல் சமக்குறி, பி6-இல் கிளிக், வகுத்தல் குறி, அடைப்புக்குறி திறந்து, பி5-இல் கிளிக், கழித்தல் குறி, சி5-இல் கிளிக், அடைப்புக்குறி மூடி என்டர். கொடுத்த கூடுதல் பணம் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பதை இது சொல்லும்.

மைலேஜுக்கு விளம்பர எண்ணைப் போடவில்லை. அந்தக் கார்களை நகரத்துக்குள் ஓட்டுபவர்களின் டேங்க் கணக்கிலிருந்து எடுத்த 14, 21 என்ற எண்களைப் போட்டேன். விலையைக் கணக்குக்காக பெட்ரோல் ரூ.100, சிஎன்ஜி ரூ.90 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இன்று உள்ள விலையை மாற்றிப் போட்டால் விடை தானாக மாறும்.

அத்தை மகன் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவர். பெட்ரோலில் ரூ.21,429, சிஎன்ஜியில் ரூ.12,857. மாதம் ரூ.8,572 மிச்சம். 95,000 ரூபாய் சுமார் 11 மாதத்தில் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் அவருக்கு லாபம். சித்தப்பா மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். அவருக்கு ரூ.3,571-உம் ரூ.2,143-உம். மிச்சம் ரூ.1,428. 95,000 திரும்ப 66 மாதங்களுக்கு மேல், அதாவது ஐந்தரை ஆண்டு ஆகும். அந்தப் பணம் டெபாசிட்டில் இருந்தால் வரக்கூடிய வட்டி இதில் சேரவில்லை. சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் டிக்கி இடமும் சேரவில்லை.

அத்தை மகன் சிஎன்ஜி வாங்கினார். சித்தப்பா பெட்ரோல் வாங்கினார், டெபாசிட் அப்படியே இருக்கிறது. ஒரே கார், ஒரே மைலேஜ். இருவருக்கும் இரண்டு சரியான முடிவுகள். முடிவை மாற்றியது இரண்டாவது வரிசையில் உள்ள மாத ஓட்டம் என்ற ஒற்றை எண்.

அடுத்த முறை பங்குக்குப் போகும்போது தரும் பில்லைக் கசக்கிப் போட்டுவிடாமல், அதன் பின்னால் ஓடோமீட்டர் எண்ணை எழுதி எடுத்து வாருங்கள். பைலைத் திறந்து டைப் செய்ய இரண்டு நிமிடம் போதும். பைலை சேவ் செய்யவும், மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுக்கவும் மறக்க வேண்டாம். பத்து டேங்க் ஆனதும் எப் நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். கோடு அங்கங்கே ஏறி இறங்கினால் அது பாதையின் வேலை. டேங்குக்கு டேங்க் தொடர்ந்து சரிந்துகொண்டே வந்தால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் போகலாம்.